பெரும்பாக்கத்தில் போலீஸ், தீயணைப்பு, 108 மூன்றுக்கும் ஒரே வளாகம்: முதல் கதவு யாருடையது?

கேள்வி, 22 செப்டம்பர் 2024

சென்னைக்குத் தெற்கே, குடிசைப் பகுதிகளிலிருந்து மாற்றியவர்களுக்காக அரசு கட்டிய பெரும்பாக்கம் எட்டு மாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், 108 வண்டி நிற்க இடம் மூன்றையும் ஒரே வளாகமாகக் கட்டித் தரச் சொல்லி மனு எழுதலாம் என்று நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். இதேபோன்ற பக்கத்துக் குடியிருப்புகளான செம்மஞ்சேரி, கண்ணகி நகர், எழில் நகருக்கும் சேர்த்து ஒன்றே போதுமா? இரண்டு ஏக்கர் கேட்டால் போதுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

22 செப்டம்பர், இரவு

தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். என் அக்கா கூவம் கரை வீட்டை விட்டு பெரும்பாக்கம் வந்து ஏழு வருஷம் ஆகிறது. ஆறாவது மாடி. அதனால் உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுத் தூங்கப் போக முடியவில்லை.

முதலில் ஆள் கணக்கு. கண்ணகி நகரும் எழில் நகரும் சேர்ந்து 23,000 வீடுகளுக்கு மேல். செம்மஞ்சேரியில் 6,700-க்கு மேல். பெரும்பாக்கத்தில் 20,000-க்கு மேல். வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தாலே இரண்டு லட்சம் பேர் ஆகிவிடுகிறது. நகரத் திட்டமிடலுக்காக மத்திய அரசு 2015-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இரண்டு லட்சம் பேருக்கு ஒரு தீயணைப்பு நிலையம், 90,000 பேருக்கு ஒரு காவல் நிலையம் என்று இருக்கிறது. நீங்கள் கேட்பது யாரும் பார்த்துப் போடுகிற சலுகை அல்ல. ஒரே வளாகம் என்பதும் நல்ல யோசனைதான். ஒன்று போதும். தைரியமாக எழுதுங்கள்.

23 செப்டம்பர்

இரண்டு ஏக்கர் போதாது. அதே நெறிகளில் குடியிருப்போடு சேர்ந்த தீயணைப்பு நிலையத்துக்கு 1 ஹெக்டேர், காவல் நிலையத்துக்குக் குடியிருப்போடு 1.5 ஹெக்டேர். கூட்டினால் ஆறு ஏக்கருக்கு மேல் வரும். சேர்ந்து இருந்தால் அதில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். ஜெனரேட்டர் ஒன்று, போர்வெல் ஒன்று, சமையற்கட்டு ஒன்று, பயிற்சி மைதானம் ஒன்று போதும்.

தரைக்கடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்றும் கேளுங்கள். ஒரு லட்சம் லிட்டராவது கொள்ள வேண்டும். எங்கள் வண்டியில் 4,500 லிட்டர் இருக்கும். இரண்டு குழாய் போட்டுப் பீய்ச்சினால் எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பது நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். தண்ணீர் தீர்ந்த வண்டி பக்கத்தில் நிரப்ப இடமில்லாமல் தூரம் போய் வருவதற்குள் அணைத்த நெருப்பு திரும்ப எழுந்துவிடும்.

பொதுவில் வைக்கக் கூடாதது வாசல். மணி அடித்தால் ஒரு நிமிஷத்துக்குள் வண்டி ரோட்டில் இருக்க வேண்டும். வழக்கில் பிடித்த ஆட்டோவும் பைக்கும் காவல் நிலைய வாசலில் வருஷக்கணக்கில் நிற்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். அந்த வாசல் வழியாக வண்டியை எடுக்கவே முடியாது. தீயணைப்புக்குத் தனி வாசல், அதுவும் நேராக ரோட்டைப் பார்த்து இருக்க வேண்டும். இதை மனுவில் முதல் வரியில் எழுதுங்கள்.

24 செப்டம்பர்

போலீஸ்காரருக்கே தீயணைக்கவும் கற்றுக் கொடுத்தால் ஆள் மிச்சமாகுமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படி ஓர் ஊர் இருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சன்னிவேல். 1950-இலிருந்து அங்கே ஒரே துறை, ஒரே ஆள் மூன்று வேலைக்கும் பயிற்சி பெறுகிறார். பணக்கார ஊர், பயிற்சிக்கு நேரமும் காசும் உண்டு. நமக்கு அது வேண்டாம். கட்டடத்தைப் பங்கு போடலாம், சீருடையைப் பங்கு போட வேண்டாம். ஏன் என்று பிறகு எழுதுகிறேன், அதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும்.

28 செப்டம்பர்

முதல் நாள் "ஒன்று போதும்" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். தப்பு. ஆளை மட்டும் எண்ணினேன், ரோட்டை எண்ணவில்லை. வண்டி ஓட்டினவன் செய்யக் கூடாத தப்பு.

நகரத்தில் அழைப்பு வந்து 5 முதல் 7 நிமிஷத்துக்குள் வண்டி சேர வேண்டும் என்பது தேசிய அளவில் சொல்லப்படும் வரையறை. மணி அடித்து ஏறி உட்கார ஒரு நிமிஷம் போனால் மிச்சம் ஆறு. அந்த ரோடுகளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் கிடைத்தாலே பெரிசு. ஆறு நிமிஷத்தில் 3 கிலோமீட்டர். அவ்வளவுதான் ஒரு நிலையத்தின் கை நீளம். வழிகாட்டு நெறிகளும் 1 முதல் 3 கிலோமீட்டர் என்றுதான் சொல்கின்றன. அந்த வரியை நான் அன்றைக்குத் தாண்டிப் போய்விட்டேன்.

பெரும்பாக்கத்திலிருந்து கண்ணகி நகர் போக வேண்டுமென்றால் குறுக்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். பறவைக்குப் பக்கம், வண்டிக்குச் சுற்று. மேடவாக்கம் சாலையில் வந்து, சோழிங்கநல்லூர் சந்திப்பில் திரும்பி, பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்) மெட்ரோ வேலைக்காக அடைத்து வைத்திருக்கும் தடுப்புகளுக்கு நடுவே போக வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த சந்திப்பில் சைரன் போட்டாலும் ஒதுங்க இடமிருந்தால்தானே ஒதுங்குவார்கள்?

ஆக, பெரும்பாக்கம் செம்மஞ்சேரி பக்கம் ஒரு முழு வளாகம். கண்ணகி நகர் எழில் நகர் பக்கம் ஒரு துணைத் தீயணைப்பு நிலையம். துணை நிலையத்துக்கு 0.6 ஹெக்டேர், அதாவது ஒன்றரை ஏக்கர் போதும்.

2 அக்டோபர்

இன்று கிராம சபை நாள் என்பதால் நினைவு வந்தது. கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும் 2011-இலிருந்து சென்னை மாநகராட்சிக்குள். பெரும்பாக்கம் இன்னும் ஊராட்சி, செங்கல்பட்டு மாவட்டம். போலீஸுக்கு 2022-இல் தொடங்கிய தாம்பரம் ஆணையரகம். மனுவை ஒரே இடத்தில் கொடுத்தால் "இது எங்கள் எல்லை இல்லை" என்ற பதில் வர வழி இருக்கிறது.

இதில் ஒரு நல்லதும் உண்டு. ஊராட்சி என்பதால் உங்களுக்குக் கிராம சபை இருக்கிறது. எட்டு மாடிக் கட்டடத்தில் குடியிருந்துகொண்டு கிராம சபையில் கை தூக்கித் தீர்மானம் போடலாம். இந்த முறை தவறினாலும் நவம்பர் 1-க்கு ஒன்று இருக்கிறது, அதுவும் தவறினால் ஜனவரி 26-க்கு இருக்கிறது. அதற்குள் வேலையை முடிப்போம்.

5 அக்டோபர், சனி

அக்கா வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். கையில் டேப் எடுத்துப் போயிருந்தேன். அக்கா மகன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

அக்கா இருக்கும் பிளாக்குகளுக்கு நடுவே வழி அகலமாகத்தான் விட்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் பைக், நடுவில் இரண்டு ஷேர் ஆட்டோ, ஓரமாக இட்லிக் கடைத் தள்ளுவண்டி, துணி காயும் கொடி. மிச்சம் இருந்தது இரண்டே கால் மீட்டர். எங்கள் வண்டியின் அகலம் இரண்டரை. யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. காலை நாலு மணிக்கு வேலைக்குக் கிளம்புகிற மனுஷன் பைக்கை எங்கே விடுவான்? கண் முன்னால், ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில்தான் விடுவான். பூட்டுப் போட்ட, விளக்கு எரிகிற வண்டி நிறுத்துமிடம் ஒன்றைக் கொடுத்தால் வழி தானாகத் திறக்கும்.

அதனால் மனுவில் கட்டடத்தோடு இதையும் சேருங்கள். நிலையம் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் கடைசி ஐம்பது மீட்டரில் வண்டி மாட்டிக்கொண்டால் எல்லாம் வீண்.

இரண்டாவது மாடியில் ஒரு பாட்டி, எண்பது வயதிருக்கும், என் டேப்பைப் பார்த்து "வீட்ட இடிக்கப் போறீங்களாப்பா?" என்று கேட்டார். ஒரு வாய் காபி குடித்து, நான் யார் என்று சொல்லி, அவர் முகம் தெளிய அரை மணி நேரம் ஆயிற்று. நுங்கம்பாக்கம் பக்கம் நாற்பது வருஷம் இருந்தவராம். டேப்போடு வந்தவர்கள்தான் அங்கேயும் முதலில் வந்தார்களாம்.

6 அக்டோபர்

சொல்கிறேன் என்ற பழைய கதை.

நான் வேலை பார்த்த ஒரு நிலையம், ஊர் பெயர் வேண்டாம். ராத்திரி ஒரு மணி இருக்கும். வாட்ச் ரூமில் நானும் இன்னொருவரும். ஒரு பெண் உள்ளே வந்தார். காலில் செருப்பில்லை. இடுப்பில் தூங்குகிற குழந்தை. நைட்டி மேல் துண்டு போட்டிருந்தார். உதட்டோரம் கிழிந்திருந்தது. "தீ எங்கம்மா?" என்று வழக்கப்படி கேட்டோம். "தீ இல்லண்ணா. விடியற வரைக்கும் இங்க உக்காந்துக்கவா?" என்றார்.

காவல் நிலையம் அங்கிருந்து நாலு கடை தள்ளித்தான். அதைத் தாண்டித்தான் எங்களிடம் வந்திருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். "அங்க போனா நாளைக்கு ஏரியா பூரா தெரிஞ்சிடும்ணா. அதுவுமில்லாம என் தம்பி மேல ஒரு கேஸ் இருக்கு. என்னப் பாத்தா அவன் எங்கன்னு கேப்பாங்க."

பெஞ்சில் உட்காரச் சொன்னோம். குழந்தைக்கு என் போர்வையைக் கொடுத்தேன். பிளாஸ்கில் இருந்த டீயை ஊற்றிக் கொடுத்தோம். வண்டி நிற்கும் கூடத்தின் விளக்கை அணைக்க வேண்டாம் என்று கேட்டார், அணைக்கவில்லை. விடிந்ததும் அவர் அம்மா வந்து கூட்டிப் போனார். நாங்கள் சட்டப்படி ஒன்றும் செய்யவில்லை. செய்யத் தெரியவும் இல்லை. பெண்களுக்கான 181 போன்ற ஓர் உதவி எண் அப்போது எங்கள் சுவரில் இல்லை.

தீயணைப்பு நிலையத்துக்கு ராத்திரியில் கதவு சாத்துகிற வழக்கமே கிடையாது. யாரும் எங்களைப் பார்த்துப் பயப்படுவதும் கிடையாது. பாம்பு வந்தாலும் வருவார்கள், கிணற்றில் ஆடு விழுந்தாலும் வருவார்கள், பையன் விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டாலும் வருவார்கள். மூன்றையும் ஒரே வளாகத்தில் போட்டு, வாசலில் துப்பாக்கியோடு ஒரு பாரா போலீஸை நிறுத்திவிட்டால் அந்தப் பெண் எங்கே போவார்? சீருடையைப் பங்கு போட வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

9 அக்டோபர்

"அப்படியென்றால் போலீஸே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஐ.டி. கம்பெனியிலோ வீடுகளிலோ வேலை முடிந்து பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்து வரும் பெண்ணுக்கு ரோந்து வேண்டும். பையன்களைக் கஞ்சா விற்க இழுப்பவனைப் பிடிக்க போலீஸ்தான் வேண்டும். குடிசையிலிருந்து வந்தவர்கள் என்ற ஒரே காரணத்துக்காக மொத்த ஊரையும் சந்தேகக் கண்ணோடு பார்க்காத போலீஸ் வேண்டும்.

சென்னை ஆயிரம் விளக்கில் 1992-இல் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தபோதும் இதே கேள்விதான் பின்னால் இருந்தது. பெண் எந்தக் கதவை நம்பி உள்ளே போவாள்? இன்னொரு விஷயம். இந்த ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்று தெளிவாகவே எழுதிவிட்டார்கள். எல்லை கடந்து வருகிறவரைத் திருப்பி அனுப்ப முடியாது. கண்ணகி நகர் பெண் பெரும்பாக்கத்தில் எழுதிக் கொடுக்கலாம்.

15 அக்டோபர்

நேற்றிலிருந்து மழை. வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரை ஏற்றி நிறுத்தியிருப்பதை டிவியில் காட்டினார்கள். சிரிக்க முடியவில்லை எனக்கு. 2015 டிசம்பரில் தாழ்வான இடத்தில் இருந்த ஒரு நிலையத்திலிருந்து நாங்களும் வண்டியை அப்படித்தான் மேட்டில் ஏற்றினோம். காப்பாற்றப் போக வேண்டிய வண்டியைக் காப்பாற்றவே முக்கால் மணி நேரம் போயிற்று. அந்த முக்கால் மணி நேரத்தில் வந்த அழைப்புகளின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எனவே, இடம். இதுவரை எத்தனை ஏக்கர் என்றே பேசிவிட்டோம், எந்த ஏக்கர் என்று பேசவில்லை. பெரும்பாக்கம், செம்மஞ்சேரி பக்கம் அரசிடம் காலி நிலம் என்று இருப்பதில் ஏரியும் தாங்கலும் மேய்க்காலும் கலந்து கிடக்கும். செம்மஞ்சேரி காவல் நிலையத்துக்குக் கட்டிய கட்டடம் தாமரைக்கேணி என்ற நீர்நிலையில் நிற்கிறது என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் நிற்கும் இடத்தில் கட்டினால் மழைக் காலத்தில் முதல் அழைப்பே நிலையத்திலிருந்துதான் வரும்.

படகும் எங்கள் துறையிடம்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். போன டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது காரப்பாக்கத்தில் நடிகர்கள் விஷ்ணு விஷாலையும் ஆமிர் கானையும் படகில் ஏற்றி வந்தது தீயணைப்பு மீட்புப் படைதான். படம் நாடு முழுக்க வந்தது. அதே நாட்களில் பெயர் தெரியாத எத்தனையோ பேரை அதே படகுகள் ஏற்றின. வளாகத்தில் படகுக்கு ஒரு கொட்டகை, அது ரோட்டு மட்டத்துக்கு மேலே. எழுதிக்கொள்ளுங்கள்.

20 அக்டோபர்

108 பற்றிச் சுருக்கமாக. 2008-இல் தொடங்கியதிலிருந்தே அந்த வண்டிகள் பெரிய கட்டடம் எதையும் நம்பி நிற்பதில்லை. அழைப்பு எங்கிருந்து அதிகம் வருகிறதோ அங்கே போய் நிற்கும். எனவே அவர்களுக்குத் தனிக் கட்டடம் கேட்க வேண்டாம். ஒரு கூரை, பேட்டரி சார்ஜ் போட பிளக், ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் கால் நீட்ட ஓர் அறை, முக்கியமாகக் கழிப்பறை. அந்த உதவியாளர்களில் பெண்கள் நிறைய. பன்னிரண்டு மணி நேரம் வண்டியிலேயே இருப்பவர்களுக்கு ஒரு சுத்தமான கழிப்பறை எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை.

10 நவம்பர், ஞாயிறு

தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போனவன் நேற்று மறுபடி போனேன். கேள்வி கேட்ட தங்கையும் அவர் தோழிகளும் வந்திருந்தார்கள். மொட்டை மாடியில் பாய் விரித்து, ஒரு சார்ட் பேப்பரில் வளாகத்தை வரைந்தோம்.

6-ஆம் தேதி நான் எழுதியதைப் படித்துவிட்டு வந்திருந்தார் ஒருவர், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர். "நீங்க சொல்றது சரிதான்ணா, ஆனா பாதி" என்றார். "அந்தப் பொண்ணு விடிஞ்சதும் எங்க போச்சு? அதே வீட்டுக்குத்தானே?"

எனக்குப் பதில் இல்லை. இருபது வருஷமாக அந்த ராத்திரியை நான் நல்லது செய்த ராத்திரியாகவே நினைத்து வைத்திருக்கிறேன். டீ கொடுத்தோம், போர்வை கொடுத்தோம். அவர் கேட்டபோதுதான் எங்கள் கதவு அவரை உள்ளே விட்டது, ஆனால் வேறெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்று உறைத்தது.

அவர்களே வரைந்தார்கள். ரோட்டைப் பார்த்த முதல் கதவு தீயணைப்புக்கு. அதையொட்டி ஒரு சின்ன அறை, வெளியிலிருந்து யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாத மாதிரி. அங்கே ஒரு கட்டில், தண்ணீர், சுவரில் உதவி எண்கள்: பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. அந்த அறையின் பின்கதவு வழியாக மகளிர் போலீஸ் ஒருவர் சாதா உடையில் வரலாம், வந்தவர் சரி என்று சொன்னால் மட்டும். காவல் நிலையத்தின் சொந்த வாசல் அடுத்த தெருவைப் பார்த்து. லாக்கப் இந்தப் பக்கமே இல்லை. சுற்றுச்சுவர் ஒன்று, வாசல் மூன்று.

எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. "போலீஸ் அந்தச் சுவருக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சா எங்க பசங்க பாம்பு புடிக்கக் கூப்பிடக்கூட போக மாட்டாங்க" என்றார் இன்னொரு அம்மா. அவர் மகனை ஒரு முறை விசாரணை என்று கூட்டிப் போயிருக்கிறார்கள், சும்மா பஸ் ஸ்டாப்பில் நின்றதற்கு. அவர் சொன்னதையும் மனுவில் அப்படியே சேர்த்திருக்கிறோம். நானும் முழுக்க முடிவுக்கு வரவில்லை. தனித்தனியாகவே இருக்கட்டும் என்று நேற்று காலை வரை நினைத்தவன், இப்போது அந்தப் பின்கதவுக்காக ஒரே வளாகம் பக்கம் சாய்கிறேன்.

1 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் நேற்று புதுச்சேரி பக்கம் கரை கடந்துவிட்டது. நாங்கள் பார்த்து வைத்திருந்த மூன்று இடங்களையும் இந்த மழையிலேயே போட்டோ எடுக்கச் சொன்னேன். இரண்டில் தண்ணீர். ஒன்றில் கணுக்கால், இன்னொன்றில் முழங்கால். மூன்றாவது இடம் மட்டும் நனைந்த மண். அது ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, திருப்பத்தில் இருக்கிறது. வண்டி திரும்புமா என்று பார்க்க வேண்டும். போட்டோவில் தேதி தெரிகிற மாதிரி எடுத்ததை மனுவோடு இணைக்கிறோம்.

8 டிசம்பர், ஞாயிறு

திரும்பும்.

நேற்று ராத்திரி பத்து மணிக்கு மேல், போக்குவரத்து அடங்கியதும், சுண்ணாம்புத் தூள் ஒரு வாளி, கயிறு ஒன்று எடுத்துக்கொண்டு போனோம். வண்டி திரும்ப 9 மீட்டர் ஆரம் வேண்டும். கயிற்றில் 9 மீட்டர் அளந்து, அக்கா மகன் ஒரு முனையை மிதித்துக்கொண்டு நிற்க, நான் மறுமுனையைப் பிடித்து நடந்து வளைவைப் போட்டேன். அப்புறம் உள்பக்கச் சக்கரம் போகும் கோடு. ஒரு மின் கம்பம் மட்டும் கோட்டுக்குள் வருகிறது, ஒன்றரை அடி நகர்த்தினால் போதும். பழைய ஞாபகத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்கிற மாதிரி கை தானாகத் திரும்பியது.

தீர்மான வாசகத்தைத் தங்கை எழுதி முடித்துவிட்டார். ஜனவரி 26-க்கு முன் பிளாக் வாரியாகக் கையெழுத்து வாங்க வேண்டும். டேப்பைப் பார்த்துப் பயந்த அந்தப் பாட்டிதான் முதல் கைநாட்டு. மின் கம்பத்துக்குத் தனி மனு, அது வேறு அலுவலகம்.

இன்று காலை அக்கா போன் செய்தார். பிள்ளைகள் அந்த வெள்ளைக் கோட்டுக்குள் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுகிறார்களாம். அழிந்துவிடும் என்று கவலைப்பட்டார். அழியட்டும். அளவு நோட்டில் இருக்கிறது. கம்பத்தை நகர்த்த ஆள் வருகிற அன்றைக்கு மறுபடி வந்து போட்டுக் கொடுக்கிறேன்.